கும்பகோணம் தந்த கணித மேதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்)

காவிரி பாயும் நம் வளநாடு நெல்லை மட்டுமா விளைவித்தது? காரைக்காலில் பேருந்து ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கும்பகோணம் வந்துவிடும். அந்த ஊரில், ஜவுளிக்கடைக் கணக்கர் ஒருவரின் எளிய வீட்டில் வளர்ந்த சிறுவன், உலகக் கணித அறிஞர்கள் வியந்து போற்றும் மேதையாக உயர்ந்தான். அவரே சீனிவாச இராமானுஜன். அவரைப் பற்றி எழுத எனக்கென்று தனிக் காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1887 டிசம்பர் 22 அன்று, தாயாரின் பிறந்தகமான ஈரோட்டில் இராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். 1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். அவர் சிறுவனாக இருந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்றார் ஆசிரியர். மூன்று பழத்தை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. பழமே இல்லை, ஆளும் இல்லை என்றால் அப்போதும் ஆளுக்கு ஒன்று வருமா என்று கேட்டானாம் சிறுவன். பங்கு, பின்னம் என்று நாம் மனப்பாடம் செய்து கடந்துபோகிற இடத்தில் அவர் நின்று யோசித்தார்.

நகர உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, 1903-இல், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அதில் வரிசையாக இருந்தன. விரிவான நிறுவல்கள் இல்லை. அவற்றைத் தாமே நிறுவத் தொடங்கினார். தாள் வாங்கப் பணம் ஏது? சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆம், நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரிதான்! கணிதத்தில் மூழ்கியவர் மற்ற பாடங்களைக் கைவிட்டார். ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907-இல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வியே கண்டார். பட்டமில்லாமல், வேலையில்லாமல், நோட்டுப் புத்தகத்தைக் கையில் ஏந்தி வீடுவீடாக அலைந்த ஆண்டுகள் அவை.

அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்த சிலர் இருந்தார்கள். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி அய்யர் அதன் அருமையை உணர்ந்தார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்த தொடர்பின்ன வாய்பாடுகள் ஹார்டியையே திகைக்க வைத்தன. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத இவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் அவ்வாண்டு நடந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ், ஒரு பத்திரிகையில் வந்த புதிரை அவரிடம் படித்துக் காட்டினார். இராமானுஜன் அப்போது அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார்.

புதிர் இதுதான். ஒரு தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டின் எண் என்ன?

சிறிய தெருவில் பார்ப்போம். வீடுகள் 8 என்றால் விடை 6. ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் 15. பெரிய தெருவுக்கு? 1/1, 3/2, 7/5, 17/12 என்ற பின்னங்களைப் பாருங்கள். தொகுதியையும் பகுதியையும் கூட்டினால் அடுத்த பகுதி. தொகுதியோடு பகுதியின் இருமடங்கைக் கூட்டினால் அடுத்த தொகுதி. இவை இரண்டின் வர்க்கமூலத்தை நெருங்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றிலும் மேலெண்ணையும் கீழெண்ணையும் பெருக்குங்கள்: 1, 6, 35, 204. இந்த 204தான் விடை; தெருவில் வீடுகள் 288. இரு பக்கமும் 20,706 வரும், கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மகலனோபிஸ் ஒரு விடையைக் கண்டிருந்தார். இராமானுஜனோ வதக்கிக்கொண்டே, எல்லா விடைகளையும் தரும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். பள்ளியில் நாம் அஞ்சுகிற பின்னம் அவருக்குக் கைப்பழக்கமான கருவி!

1917-இல் ஹார்டியுடன் சேர்ந்து, எண்களுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்று ஆராய்ந்தார். எண் கோட்பாட்டில் நிகழ்தகவு நுழைய அந்த ஆராய்ச்சியே வித்திட்டது. 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஆனால் குளிரும், போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடும், நோயும் உடலை உருக்கிவிட்டன. 1919-இல் தாயகம் திரும்பியவர், படுக்கையிலும் சிலேட்டை விடாமல், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் மறைந்தார். அப்போது வயது 32 மட்டுமே.

இனி என் காரணத்துக்கு வருகிறேன். என் தந்தை படகில் போகும் கூலி மீனவர். பள்ளி வாசலை மிதித்ததில்லை. ஆயினும் மீன் விற்ற பணத்தில் செலவும் படகுப் பங்கும் போக மிஞ்சியதைக் கணக்காகப் பிரித்துவிடுவார். 11,500 ரூபாய் மிஞ்சினால், முழுப்பங்கு ஆட்கள் 11 பேர், அரைப்பங்குப் பையன் ஒருவன். ஆளுக்கு 1,000, பையனுக்கு 500 என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். விகிதம் என்பது அதற்குப் பெயர் என்று அவருக்குச் சொன்னவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆளும் நான்தான்.

முதலாண்டில் ஆங்கிலத்தில் எனக்கு அரியர் விழுந்தது. படிப்பை விட்டுவிட நினைத்தேன். வலை கிழிந்தால் தைத்துக்கொண்டு மறுநாள் கடலுக்குப் போவதில்லையா என்று தந்தை கேட்டார். அன்றுதான் நூலகத்தில் இராமானுஜன் வரலாற்றை எடுத்தேன்.

மேதையே தோற்றார், நாமும் தோற்கலாம் என்று நான் ஆறுதல் தேடவில்லை. அந்தத் தோல்வி அவரைப் பல ஆண்டுகள் பட்டினி போட்டது. அதனால் ஆங்கிலத்தை இந்த முறை ஒழுங்காகப் படிக்கிறேன். ஆனால் மதிப்பெண் பட்டியலுக்கு அப்பால், ஒருவனது நோட்டைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் உலகுக்கு இராமானுஜன் கிடைத்தார்.

பேராசிரியப் பெருமக்களே, கடைசி பெஞ்சில் இருப்பவனின் நோட்டையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். நண்பர்களே, அதில் அவர்கள் பார்ப்பதற்கு ஏதாவது எழுதி வைப்போம்!