விர்ஜீனியா சட்டீர்: கவுன்சிலரின் சொந்தக் கதையையே கருவியாக்கிய ஆசிரியை

ஈப்போ பக்கம் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னாலே சிலர் இன்னும் கேலியாகச் சிரிப்பார்கள். 1911-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதுதான் காரணம். அந்தக் கேலிக்குப் பயந்தே அப்பாவின் குடி, அம்மாவின் அழுகை எல்லாம் பல வீடுகளில் நாலு சுவருக்குள் முடிந்துவிடுகின்றன.

அப்படி ஒரு லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை பிறகு கவுன்சிலர் ஆனால்? தன் கதையைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைக்க முடியுமா? முடியாது, அதை வேலைக்குப் பயன்படுத்தக் கத்துக்கணும் என்று பயிற்சி கொடுத்தவர் விர்ஜீனியா சட்டீர்.

யார் இவர்?

1916-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்குக் குடிப்பழக்கம். ஐந்து வயதில் குடல்வால் அழற்சி வந்தபோது, மத நம்பிக்கையால் அம்மா டாக்டரிடம் போக விடவில்லை. அப்பா அதை மீறித் தூக்கிக்கொண்டு போவதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. மாதக்கணக்கில் மருத்துவமனை வாசம்.

பள்ளி ஆசிரியையாக இருந்தபோது மாணவர்களின் வீடுகளுக்கே போய்ப் பார்த்தார். பிறகு சிகாகோவில் சமூகப் பணி படித்தார். 1951-ல் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை தந்தார். அவள் தேறி வந்த நேரத்தில் அம்மாவையும் அழைத்தார். உடனே பெண்ணின் நிலை பின்வாங்கியது. சிக்கல் ஒரு ஆளுக்குள் மட்டும் இல்லை, உறவுக்குள்ளும் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1959 முதல் பாலோ ஆல்ட்டோவில் குடும்ப சிகிச்சைப் பயிற்சி நடத்தினார்.

பயிற்சியில் என்ன நடந்தது?

மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடணும். மற்ற மாணவர்கள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மாவாக நிற்பார்கள். யார் விரல் நீட்டிக் குற்றம் சொன்னார், யார் மண்டியிட்டுச் சமாதானம் பேசினார் என்பது உடலசைவிலேயே தெரியும்.

எதற்கு இதெல்லாம்? குடிக்கிற ஒருவர் எதிரில் உட்காரும்போது, கவுன்சிலரின் கோபம் அவர் மேலா, தன் அப்பா மேலா? பிரிக்கத் தெரியாவிட்டால் பாதிப்பு வந்தவருக்குத்தான். தெரிந்துவிட்டால் அதே வலி, எதிரில் இருப்பவரைப் புரிந்துகொள்ளும் வழி.

உணர்ச்சிக்கு அதிக இடம் தருகிறார் என்று சக நிபுணர்கள் சிலர் விமர்சித்தார்கள். அவர் மாறவில்லை. 1988-ல் கணையப் புற்றுநோயால் இறந்தார்.

மலேசியாவில் கவுன்சிலராக வேலை செய்ய, 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும். அது படிப்புக்கான சான்று. பால்மரக் காட்டிலிருந்து கூடவே வந்த வீட்டுக் கதையைத் திறந்து பார்ப்பது தனிப் பாடம்.