குளிர்ச்சியைத் தந்த பொறியாளர்

நண்பகல் நேரத்தில் சிராங்கூன் சாலையில் நடப்பவர்கள், நகைக்கடையின் கண்ணாடிக் கதவு திறக்கும்போது வெளியே வீசும் குளிர்காற்றை உணர்ந்திருப்பார்கள். அதே கடைவீட்டின் பின்சந்துக்குச் சென்றால், சுவரில் பொருத்தப்பட்ட கருவிகள் வெப்பக்காற்றை ஊதிக்கொண்டிருக்கும். கடைக்குள் இருந்த வெப்பம்தான் அங்கே வெளியேறுகிறது. அதைச் சுமந்து செல்வது குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றிவரும் குளிர்பதன வாயு. அது உள்ளே ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளியே அழுத்தத்தால் திரவமாகும்போது அந்த வெப்பத்தை விட்டுவிடுகிறது. வீட்டில் அச்சமின்றி வைத்துக்கொள்ளலாம் என்று உலகமே நம்பி ஏற்றுக்கொண்ட குளிர்பதன வாயுவை உருவாக்கியவர், தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கர்.

மிட்ஜ்லி 1889ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையும் தாய்வழித் தாத்தாவும் புதிய கருவிகளைக் கண்டுபிடித்தவர்கள். மிட்ஜ்லி கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1911இல் பட்டம் பெற்றார். வேதியியலை அவர் முறையாகப் படித்துப் பட்டம் பெறவில்லை. வேலை செய்துகொண்டே தாமாகக் கற்றுக்கொண்டார். தனிம அட்டவணையைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பது அவருடைய பழக்கம். ஒரு சிக்கல் வந்தால் அந்த அட்டவணையை எடுத்து விரித்து, எந்தத் தனிமம் உதவும் என்று தேடத் தொடங்கிவிடுவார்.

1916இல் அவர் சார்லஸ் கெட்டரிங் என்ற புகழ்பெற்ற பொறியாளரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அக்காலக் கார்களின் இயந்திரத்தில் பெட்ரோல் சீராக எரியாததால், உள்ளே யாரோ தட்டுவது போன்ற ஓசை எழுந்தது, ஆற்றலும் வீணாயிற்று. பல ஆண்டுகள் பல பொருள்களைச் சோதித்த மிட்ஜ்லி, 1921ஆம் ஆண்டு டிசம்பரில், ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைச் சிறிதளவு சேர்த்தால் ஓசை நின்றுவிடுவதைக் கண்டார். ஆனால், ஈயம் நஞ்சு என்பது பழங்காலத்திலிருந்தே அறியப்பட்ட உண்மை. மிட்ஜ்லியே 1923இல் அந்த நஞ்சால் உடல்நலம் குன்றி ஃபுளோரிடாவில் ஓய்வெடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு நியூ ஜெர்சியில் அச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் மாண்டனர். அப்போதும் அவர் செய்தியாளர்களை அழைத்து, அந்தத் திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக்கொண்டு, அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். அவருடைய வாழ்க்கையில் மன்னிக்கக் கடினமான நாள் அதுதான். ஈயம் கலந்த பெட்ரோல் சிங்கப்பூரில் 1998இல்தான் முற்றாக நிறுத்தப்பட்டது. உலகின் கடைசி நாடான அல்ஜீரியாவில் அது 2021வரை விற்கப்பட்டது.

குளிர்பதன வாயுவின் கதை வேறு. 1920களில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. இவற்றுள் சில மூச்சை அடைக்கும், சில தீப்பற்றும். குழாயில் சிறு கசிவு ஏற்பட்டால், உறங்கிக்கொண்டிருக்கும் குடும்பமே விழிக்காமல் போகலாம். அப்படிப்பட்ட மரணங்கள் உண்மையிலேயே நிகழ்ந்தன. அதனால் பலர் அந்தப் பெட்டியை வீட்டுக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தினார்கள். தீப்பற்றாத, நஞ்சில்லாத ஒரு வாயுவைக் கண்டுபிடிக்கும் பணி 1928இல் மிட்ஜ்லியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் வழக்கம்போல் தனிம அட்டவணையை ஆராய்ந்தார். ஆல்பர்ட் ஹென், ராபர்ட் மெக்னரி ஆகிய இருவருடன் சேர்ந்து ஃபுளூரின் என்ற தனிமத்தைத் தேர்ந்தெடுத்தார். ஃபுளூரின் சேர்மங்கள் கொடிய நஞ்சாக இருக்கும் என்றே அப்போது பலரும் எண்ணினர். சோதனைக்குத் தேவைப்பட்ட ஒரு மூலப்பொருள் ஐந்து சிறிய புட்டிகளில் வந்துசேர்ந்தது. அவற்றுள் ஒன்றை எடுத்து வாயுவைத் தயாரித்து, ஒரு கண்ணாடி மூடிக்குள் கினி எலியுடன் சேர்த்து வைத்தார்கள். எலிக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. மகிழ்ச்சியுடன் இரண்டாவது புட்டியைப் பயன்படுத்தியபோது எலி இறந்துவிட்டது. மற்ற நான்கு புட்டிகளிலும் இருந்த மூலப்பொருள் தூய்மையற்றது என்பதும், அதிலிருந்து ஒரு நச்சு வாயு உருவானது என்பதும் பிறகே தெரியவந்தன. அந்த நான்கில் ஒன்றை முதலில் எடுத்திருந்தால் அவர்கள் முயற்சியையே கைவிட்டிருக்கக்கூடும். அறிவியல் வரலாற்றில் தற்செயலுக்கும் இடம் உண்டு.

1930ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் கூடிய வேதியியல் அறிஞர்களின் முன்னிலையில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவத்தியின்மீது மெல்ல ஊதினார். சுடர் அணைந்தது; அவருக்கு ஒன்றும் நேரவில்லை. நஞ்சும் இல்லை, நெருப்பும் இல்லை என்பதை ஒரே மூச்சில் காட்டிவிட்டார். குளோரினும் ஃபுளூரினும் கார்பனும் சேர்ந்த அவ்வாயு ஃபிரியான் என்ற வணிகப் பெயரில் உலகெங்கும் பரவியது.

மிட்ஜ்லி நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். பல விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1940இல், ஐம்பத்தொரு வயதில், இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் அவருடைய கால்கள் செயலிழந்தன. அப்போதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. படுக்கையிலிருந்து எழுவதற்காகக் கயிறுகளும் கப்பிகளும் கொண்ட ஓர் அமைப்பைத் தாமே உருவாக்கினார். 1944ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அந்தக் கயிறுகளுக்கிடையே உயிரிழந்த நிலையில் காணப்பட்டார். தம் வாயுவால் உலகுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் அறியவே இல்லை.

வெப்பமண்டல நாடுகளின் வாழ்க்கையைக் குளிர்சாதனம் மாற்றியமைத்தது. சிங்கப்பூரில் 1939இல் திறக்கப்பட்ட கேத்தே திரையரங்கில் குளிர்சாதன வசதி இருந்தது மக்களுக்குப் பெரும் புதுமை. பிற்காலத்தில் திரு லீ குவான் இயூ, அலுவலகங்களில் மக்கள் நாள் முழுவதும் ஊக்கத்துடன் வேலை செய்யக் குளிர்சாதனமே காரணம் என்று கருதினார்.

ஆனால், 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய அறிவியலாளர்கள் ஓர் அதிர்ச்சியான முடிவை வெளியிட்டனர். எதனுடனும் எளிதில் வினைபுரியாத அந்த வாயு அழியாமல் வான்வெளியின் உயரத்துக்குச் சென்று, அங்கே புற ஊதாக் கதிர்களால் சிதைந்து குளோரினை வெளிவிடும்; அது நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதே அம்முடிவு. அறைக்குள் அந்த வாயுவைப் பாதுகாப்பானதாக்கிய பண்பே வானத்தில் ஆபத்தாயிற்று.

அடுத்த ஆண்டே இன்னொரு குறை வெளிப்பட்டது. அதைக் கண்டறிந்தவர் ஒரு தமிழர். மிட்ஜ்லி மறைந்த அதே 1944ஆம் ஆண்டில் பிறந்த வீரபத்திரன் இராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். இளம் வயதில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில் பணியாற்றினார். பெட்டிகளிலிருந்து ஃபிரியான் கசிவதைத் தடுக்க வழி காண்பதே அவருடைய வேலை. பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்தபோது, அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடின் 10,000க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளுக்கு நிகராக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று 1975இல் எழுதினார்.

1985இல் அண்டார்டிக்காவின் மேலே ஓசோன் ஓட்டை கண்டறியப்பட்ட செய்தி உலகை உலுக்கியது. 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு உருவானது. சிங்கப்பூர் 1989 ஜனவரியில் அதில் இணைந்தது. மிட்ஜ்லியின் வாயுக்களை எவ்வளவு இறக்குமதி செய்யலாம் என்பதற்கு வரம்பு விதித்து, அதில் ஒரு பகுதியை ஏலத்தில் விட்டது. அவற்றுக்கு மாற்றாகக் குளோரின் இல்லாத வாயுக்கள் வந்தன. அவை ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் புவியைச் சூடாக்கும் குணம் அவற்றையும் விடவில்லை. பல வீடுகளின் குளிர்சாதனங்களில் உள்ள ஆர்-410ஏ என்ற வாயு, அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப்போல் 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது.

எனவே, 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உலக நாடுகள் மீண்டும் கூடி, இவ்வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டன. சிங்கப்பூர் 2022இல் அந்தத் திருத்தத்தை ஏற்றது. 2045க்குள் இவ்வாயுக்களின் பயன்பாட்டை 80 விழுக்காடு குறைக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல், அந்த அளவுகோலில் 750ஐத் தாண்டும் வாயு கொண்ட புதிய வீட்டுக் குளிர்சாதனங்களைச் சந்தைக்குக் கொண்டுவரத் தேசியச் சுற்றுப்புற வாரியம் அனுமதிப்பதில்லை. 675 மடங்கு மட்டுமே கொண்ட ஆர்-32 என்ற வாயு இப்போது கடைகளில் விற்கும் கருவிகளில் உள்ளது. அது ஓரளவு தீப்பற்றக்கூடியது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு வரம்பு இன்னும் கடுமையானது: வெறும் 15. அதனால் அவற்றில் ஐசோபியூட்டேன் பயன்படுகிறது. சமையல் எரிவாயுவைப்போல் அதுவும் எளிதில் தீப்பற்றும். இத்தகைய வாயுக்களை வீட்டிலிருந்து அகற்றத்தான் மிட்ஜ்லி அன்று முயன்றார். இன்றோ, ஒரு பெட்டியில் சில பத்து கிராம் மட்டுமே ஊற்றி, குழாய்களை இறுக மூடி, தீப்பொறி எழாத பாகங்களைப் பொருத்தி, அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தப் பொறியாளர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.