மேகம் மறைத்த வெள்ளி

வெள்ளியைக் காண வந்து மேகத்தைக் கண்டு திரும்பியவர், பிரெஞ்சு வானியலறிஞர் கியோம் லெ ஜாந்தில்.

1725இல் நார்மண்டியில் பிறந்த அவர், வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் அரிய காட்சியால் ஞாயிற்றின் தொலைவைக் கணிக்க விழைந்து, 1760இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேருமுன் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலில் நின்று கண்டது அளவைக்கு உதவவில்லை. அடுத்த கடப்பு எட்டாண்டுக்குப் பின். அதற்கடுத்ததோ நூறாண்டுக்கும் அப்பால். ஆகவே அவர் ஊர் திரும்பவில்லை.

1768இல் புதுச்சேரி வந்து, கோட்டையின் இடிபாடுகளிடையே வானாய்வுக் கூடம் அமைத்தார். சோழிகளைப் பரப்பிக் கிரகணம் கணிக்கும் முறையைத் தமிழ்க் கணிதரிடம் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி பிழைத்தது. ஐரோப்பாவின் மேயர் அட்டவணையோ 68 விநாடி பிழைத்தது. இவ்வுண்மையைத் தம் நூலில் பதிந்தார்.

1769 ஜூன் 4 விடியலில் மேகம் ஞாயிற்றை மூடியது. கடப்பு முடிந்த பின்னரே விலகியது. 1771இல் தாயகம் மீண்டபோது, இறந்தாரெனக் கருதி அவர் உடைமையைப் பங்கிட உறவினர் முனைந்திருந்தனர். 1792இல் மறைந்தார்.

வானம் அவருக்குத் தன்னை மறைத்தது. அவரோ நம்மவர் கணக்கை மறைக்கவில்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் வான் நோக்கும் நாம் அந்நேர்மைக்குக் கடமைப்பட்டுள்ளோம்.