கூடிக் கணிக்கும் கட்டங்கள்

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பிறந்தவர் ஜான் வான் நியூமன். கணிதம் வாழ்வுக்கு வருவாய் தராது என்று வங்கியாளரான தந்தை எண்ணியதால் சூரிச் நகரில் வேதிப் பொறியியல் பயின்றார். எனினும், கணிதத்தைக் கைவிடாமல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் அத்துறையில் ஆய்வு மேற்கொண்டு 1926இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று 1933 முதல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். கட்டளைகளையும் தரவுகளையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் கணினி அமைப்பை 1945இல் எழுதிய அறிக்கையில் விளக்கினார்.

கணினியை வடிவமைத்ததோடு அவர் நிறைவடையவில்லை. உள்ளீட்டுக்கும் தன் அப்போதைய நிலைக்கும் ஏற்ப அடுத்த நிலைக்கு மாறும் கற்பனைப் பொறியைக் கணிதவியலார் தானியங்கி என்பர். குறிப்பிட்ட சில நிலைகளை மட்டுமே கொண்ட தானியங்கியின் ஆற்றல் வரம்புக்குட்பட்டது. எத்துணை நீண்ட கோவையிலும் திறந்த அடைப்புக்குறிகள் யாவும் முறையாக மூடப்பட்டுள்ளனவா எனச் சரிபார்க்க அதனால் இயலாது. அத்தனையையும் எண்ணி நினைவில் வைக்க அதற்கு இடமில்லை. ஆலன் டூரிங் 1936இல் முன்வைத்த பொறியோ முடிவற்ற நாடாவின் துணையால் அவ்வரம்பைக் கடந்தது. எளிய தானியங்கிகள் பல கூடினால் அதே ஆற்றல் கிட்டுமா? அக்கூட்டம் தன்னைப் போன்ற இன்னொன்றைத் தானே படைக்குமா? இவ்வினாக்களே வான் நியூமனின் பிற்கால ஆய்வை வழிநடத்தின.

நண்பர் ஸ்டானிஸ்லாவ் உலாமின் கருத்தை ஏற்று, எல்லையற்றுப் பரந்த கட்டங்களாலான ஒரு தளத்தை அவர் கற்பனை செய்தார். ஒவ்வொரு கட்டமும் 29 நிலைகளைக் கொண்ட ஒரு தானியங்கி. அது தன்னையும் தன்னை அடுத்துள்ள நான்கு கட்டங்களையும் மட்டுமே அறியும், முழுமையை அறியாது. ஆயினும், ஒரே விதிக்கு உட்பட்டு அவை இணைந்து இயங்கும்போது, ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல, தனிக்கட்டத்தால் இயலாதது கைகூடுகிறது. டூரிங் பொறியின் கணிப்பாற்றலை அத்தளம் பெறுகிறது. தன் அமைப்பைக் கூறும் குறிப்பைக் கட்டளையாகப் படித்து ஒரு புதுப்பொறியைக் கட்டுகிறது. அக்குறிப்பையே படியெடுத்து அதனிடம் சேர்க்கிறது. இக்கருத்தின் அடிப்படையை அவர் 1948இலேயே ஓர் உரையில் வெளியிட்டார். உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வின் அமைப்பு 1953இல்தான் கண்டறியப்பட்டது. அதுவும் ஒருபுறம் கட்டளையாகவும் மறுபுறம் படியெடுக்கப்படும் குறிப்பாகவும் அமைந்திருந்தது.

பிழைபடும் உறுப்புகளைக் கொண்டு நம்பத்தக்க பொறியை அமைப்பது எவ்வாறு என்பதையும் 1952இல் அவர் ஆராய்ந்தார். ஒரே செய்தியைப் பல வழிகளில் அனுப்பிப் பெரும்பான்மையை ஏற்றால், உறுப்புகளின் பிழை சிறிதாக உள்ளவரை முழுப்பொறியின் பிழையைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று காட்டினார்.

1955இல் புற்றுநோய் அவரைப் பற்றியது. கணினியையும் மூளையையும் ஒப்பிட்டு யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றவிருந்த உரைகளை அவரால் நிகழ்த்த இயலவில்லை. 1957 பிப்ரவரி 8ஆம் நாள், 53ஆம் அகவையில், வாஷிங்டனில் மறைந்தார். தானியங்கிகள் பற்றிய கையெழுத்துப்படி முற்றுப்பெறாமல் நின்றது. அவருடன் பணியாற்றிய ஆர்தர் பர்க்ஸ் விடுபட்ட பகுதிகளை நிறைவுசெய்து 1966இல் அதனை நூலாக்கினார். கூட்டியக்கத்தின் வலிமையை ஆராய்ந்த அப்பணியும் கூட்டுழைப்பாலேயே முழுமை பெற்றது.