நாட்டுக்கே குதிர் கட்டிய பொள்ளாச்சிக்காரர்: யார் இந்த சி.சுப்பிரமணியம்?

2020 மார்ச் 24, இரவு 8 மணி. நாடு முழுக்க ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்த கொஞ்ச நேரத்திலேயே மளிகைக் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், சேமியா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நாளைக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்ற பயம்தான் காரணம்.

வேலை போனது, சம்பளம் நின்றது, லட்சக்கணக்கானோர் சொந்த ஊருக்கு நடந்தே போனார்கள். இத்தனை கஷ்டத்திலும் ஒரு விஷயம் மட்டும் கைவிடவில்லை. அரசுக் கிடங்குகளில் தானியம் இருந்தது. அந்த ஏப்ரலில் விதிப்படி இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அரிசியும் கோதுமையும் கையிருப்பில் இருந்தன. அதனால்தான் சுமார் 80 கோடிப் பேருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம் என்று அறிவிக்க முடிந்தது.

இப்படி ஒரு கையிருப்பு நாட்டுக்கு எப்போதுமே இருந்ததா? இல்லை. 1960-களின் நடுவில் கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலைமை. அதை மாற்றியதில் பெரிய பங்கு, பொள்ளாச்சி பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த ஒருவருக்கு உண்டு. அவர்தான் சி.எஸ். என்று அழைக்கப்பட்ட சி.சுப்பிரமணியம்.

மழை ஏமாற்றும் ஊர்

கோவை, பொள்ளாச்சி, தாராபுரம், காங்கேயம் என்று விரியும் கொங்கு நாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஒரு வருஷம் நல்லா விளைஞ்சா, அடுத்த வருஷம் காய்ந்துவிடும். 1876-78 பஞ்சம் கோவை, சேலம் மாவட்டங்களை உலுக்கி எடுத்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வது அதைத்தான்.

அதனால் இந்த ஊர்க்காரர்களுக்குச் சேமிப்பு என்பது பழக்கம். களிமண்ணால் செய்த குதிரில் கம்பும் ராகியும் இருக்கும். சோளத்தைக் குழியில் கொட்டி மூடி வைத்ததும் உண்டு. துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைப்பார்கள். விதைத் தானியத்தில் வேப்பிலையோ அடுப்புச் சாம்பலோ கலந்திருக்கும்.

குதிரில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. புதுத் தானியத்தை மேலே கொட்டுவார்கள். எடுப்பது அடியில் இருக்கும் துளை வழியாக. பழசுதான் முதலில் வெளியே வரும். இன்றைய கிடங்கு நிர்வாகத்தில் பாலபாடமாகச் சொல்லித் தரப்படுவதும் இதே கணக்குதான்.

அப்படிப்பட்ட பூமியில், விவசாயக் குடும்பத்தில், 1910 ஜனவரி 30 அன்று பிறந்தார் சி.எஸ். திருப்பராய்த்துறை தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருடைய நெருங்கிய உறவினர். அவருக்கும் செங்குட்டைப்பாளையம்தான் ஊர்.

வக்கீல், கைதி, அமைச்சர்

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு சட்டம் முடித்துக் கோவையில் வக்கீல் தொழில் பார்த்தார். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது சிறைக்கும் போனார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார்.

1952 முதல் 1962 வரை சென்னை மாகாண அமைச்சர். நிதி, கல்வி என்று பெரிய துறைகள் அவர் கையில் இருந்தன. 1954-ல் ராஜாஜி பதவி விலகியபோது, கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். காமராஜரோ தோற்றவரைத் தன் அமைச்சரவையிலேயே வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவிய காலத்தில் கல்வி அமைச்சர் இவர்தான்.

1962-ல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குப் போனார். நேரு அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை கிடைத்தது. நேரு மறைந்ததும் 1964 ஜூனில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி, இவரிடம் உணவு, விவசாயத் துறையைக் கொடுத்தார். டெல்லியில் யாருமே விரும்பாத துறை அது. உள்ளே போனால் கெட்ட பேரோடுதான் வெளியே வர முடியும் என்பது அப்போதைய நிலவரம்.

கப்பல் வந்தால் சோறு

அமெரிக்காவின் பி.எல்.480 சட்டப்படி, உபரிக் கோதுமையை இந்தியா ரூபாய் கொடுத்தே வாங்க முடிந்தது. டாலர் செலவில்லை என்பதால் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் நாட்டின் சமையலறைச் சாவி வேறொருவர் கையில் இருந்தது.

1965-ல் அந்தச் சாவி திருகப்பட்டது. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குக் கோபம். இந்தியா விவசாயத்தில் கவனம் செலுத்தவில்லை என்ற எண்ணமும் இருந்தது. நீண்டகால ஒப்பந்தம் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே கப்பல்களை அனுப்பச் சொன்னார். அதே வருஷம் பாகிஸ்தானுடன் போர். கூடவே பருவமழையும் பொய்த்தது.

1964-65-ல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவுதானிய உற்பத்தி, 1965-66-ல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. வாரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கும்படி சாஸ்திரி மக்களிடம் கேட்டார். அடுத்த வருஷமும் மழை இல்லை, பீகாரில் பஞ்சம். 1966-ல் மட்டும் ஏறக்குறைய 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியது.

பொங்கல் நேரத்தில் பிறந்த கழகம்

பதவிக்கு வந்ததுமே சி.எஸ். எடுத்த கேள்வி எளிமையானது. விளைச்சல் நல்லா இருக்கும்போது விலை விழுந்து விவசாயி நஷ்டப்படுகிறான். விளைச்சல் குறையும்போது விலை ஏறி வாங்குபவன் பட்டினி கிடக்கிறான். நடுவில் ஒரு குதிர் இருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றலாமே?

அதற்காக 1964-ல் உணவுக் கழகச் சட்டம் நிறைவேறியது. 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நேரத்தில், இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. தலைமையகம் சென்னை, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். அதே மாதம் விவசாய விலைக் குழுவும் வந்தது. பொருளாதார அறிஞர் எம்.எல்.தந்த்வாலா அதன் முதல் தலைவர்.

இது எப்படி வேலை செய்கிறது? சுருக்கமாக மூன்று படிகள்:

- விலை: இந்த விலைக்குக் கீழே விழ விடமாட்டோம் என்று அரசு முன்கூட்டியே அறிவிக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலை என்று இன்று பேசப்படுவதன் வேர் இங்கேதான்.
- கொள்முதல்: அறுவடை நேரத்தில் அந்த விலைக்கு அரசு வாங்குகிறது.
- இருப்பு: வாங்கியதைக் கிடங்கில் வைத்து, ரேஷனுக்கும் வறட்சி, வெள்ளம் போன்ற அவசரத்துக்கும் வெளியே விடுகிறது.

கிடங்கு என்றால் வெறும் நான்கு சுவர் கிடையாது. அரிசியில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். வண்டும் சீக்கிரம் பெருகும். தரையின் ஈரம் ஏறாமல் இருக்க மூட்டைகளை மரச் சட்டங்கள் மேல் அடுக்குகிறார்கள். அடுக்கைத் தார்ப்பாயால் மூடிப் புகை மருந்து போடுகிறார்கள். வேப்பிலையும் சாம்பலும் செய்த வேலையின் பெரிய வடிவம்தான் இது.

கழகம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. 1965 பிப்ரவரி 11 அன்று சி.எஸ்.ஸும் இன்னொரு மத்திய அமைச்சரான ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார்கள். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்தார். மொழி விஷயத்தில் சாஸ்திரி உறுதி கொடுத்த பிறகே இருவரும் கடிதத்தைத் திரும்பப் பெற்றனர்.

குதிரை நிரப்புவது யார்?

கிடங்கு கட்டினால் போதுமா, உள்ளே போட தானியம் வேண்டாமா? மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை, உரம் போட்டாலும் சாயாமல் அதிக மகசூல் கொடுத்தது. அதை இந்திய வயல்களில் சோதித்தவர்களில் முக்கியமானவர் எம்.எஸ்.சுவாமிநாதன். கோவை விவசாயக் கல்லூரியில் படித்தவர் அவர்.

விஞ்ஞானிகள் சொன்னதை நம்பி சி.எஸ். துணிந்தார். விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமைப் பொறுப்பை 1965-ல் பி.பி.பால் என்ற விஞ்ஞானியிடமே கொடுத்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. அவ்வளவு பெரிய அளவில் ஒரு நாடு விதை வாங்கியது அதுவரை கேள்விப்படாத விஷயம். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது, அங்கேயும் அந்தக் கோதுமையை விதைக்க வைத்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. விவசாயிக்கு விலையை ஏற்றினால் நகரத்தில் விலைவாசி ஏறும் என்றார்கள். உரம் வாங்க அந்நியச் செலாவணி எங்கே என்று நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி கேட்டார். இது பெரிய விவசாயிக்கும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கும்தான் லாபம் என்று இடதுசாரிகள் சாடினார்கள். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேனுடன் சி.எஸ். செய்துகொண்ட உடன்பாடும் இந்தச் சந்தேகத்தை வளர்த்தது.

நட்டவர் தோற்றார், பயிர் விளைந்தது

1967 தேர்தல். தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்பு அலை ஒரு பக்கம், அரிசித் தட்டுப்பாடு இன்னொரு பக்கம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற திமுகவின் வாக்குறுதி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. விருதுநகரில் காமராஜர் தோற்றார். கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில் சி.எஸ். தோற்றார். அரிசி கிடைக்காத கோபத்தில் இருந்த மக்களிடம், நாளைக்கு நிரம்பப்போகும் கிடங்கைப் பற்றிய பேச்சு எடுபடவில்லை. புதிய முதல்வர் அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தை முதலில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்.

மறுவருஷம் 1968-ல் கோதுமை சுமார் 1.65 கோடி டன் விளைந்தது. அதற்கு முந்தைய உச்சம் 1.2 கோடி டன் அளவுதான். வைக்க இடம் இல்லாமல் வடக்கே பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, வகுப்பறைகளில் மூட்டைகளை அடுக்கினார்கள். பிரதமர் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சி தபால்தலையை வெளியிட்டார். அப்போது சி.எஸ். அமைச்சர் பதவியில் இல்லை.

1971-ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் 1 கோடி அகதிகள் வந்தபோது, அந்தக் கையிருப்புதான் கைகொடுத்தது. 1965-ன் நெருக்கடியோடு ஒப்பிட்டால், ஆறே வருஷத்தில் நடந்த மாற்றம் புரியும்.

குறையே இல்லையா?

இருக்கிறது. அரசு நெல்லையும் கோதுமையையும் மட்டும் அதிகம் வாங்கியதால் சிறுதானியங்கள் பின்னுக்குப் போயின. கொங்கு வீடுகளில் கம்பங்களியும் சோளச்சோறும் அரிதானதற்கு இதுவும் ஒரு காரணம். பஞ்சாபில் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது.

இன்னொரு குறை இன்னும் கசப்பானது. 2001, 2002 வாக்கில் அரசிடம் 6 கோடி டன் அளவுக்குத் தானியம் குவிந்து கிடந்தது. அதே நேரத்தில் சில மாநிலங்களில் பட்டினிச் சாவு செய்திகள் வந்தன. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கும் அதையொட்டிய இயக்கங்களும்தான் 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பாதை போட்டன. குதிர் நிரம்பியிருந்தாலும் அடியில் இருக்கும் துளையைத் திறக்காவிட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது.

கடைசிவரை விவசாயம்

சி.எஸ். பிறகு மீண்டும் மத்திய அமைச்சரானார். நிதி, பாதுகாப்பு என்று பல துறைகளைப் பார்த்தார். 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர ஆளுநர். 1998-ல் பாரத ரத்னா கிடைத்தது. அதே வருஷம் அந்த விருதைப் பெற்ற இன்னொருவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. 2000 நவம்பர் 7 அன்று சென்னையில் காலமானார். நூற்றாண்டையொட்டி 2010-ல் அவர் உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயமும் வந்தது.

இன்றைய விதிப்படி, ஒவ்வொரு வருஷமும் ஜூலை 1-ம் தேதி மத்தியத் தொகுப்பில் குறைந்தது 411.20 லட்சம் டன் அரிசியும் கோதுமையும் இருக்க வேண்டும். இதில் 50 லட்சம் டன் அவசரத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட தனி இருப்பு.

வீட்டில் ஒரு மாத மளிகையை எடுத்து வைப்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். விலை குறைவாக இருக்கும் அறுவடைக் காலத்தில் வாங்க வேண்டும்; நன்றாகக் காய வைத்து ஈரம் படாமல் மூட வேண்டும்; புதுசைப் பின்னால் வைத்துப் பழசை முதலில் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஊரடங்கு அறிவித்த ராத்திரியில் கடைக்கு ஓடாமல், நல்லா விளைஞ்ச வருஷத்திலேயே எடுத்து வைக்க வேண்டும்.