அம்பேத்கர் தொடங்கிய ஆலோசனை நிறுவனம்

தொழில் தொடங்கும் எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? துணிவு, கல்வி, குடும்பப் பின்னணி எனத் தொழில்முனைவோர் பயிற்சி வகுப்புகள் அடுக்குகின்றன. முதலிரண்டும் நிரம்பப் பெற்றிருந்த அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில், அதிகம் பேசப்படாத ஒரு காலத்தை இங்கே நினைவுகூர்கிறோம்.

கொலம்பியாவில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்று, இலண்டனிலும் படித்த அண்ணல், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் நாடு திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானத்தில் பணியேற்றார். அலுவலக ஏவலர்கள் கோப்புகளை அவர் மேசைமீது தூர நின்று வீசினர். வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரைப் பதினோராம் நாள், தடியேந்திய கூட்டம் வெளியேறச் சொல்லி மிரட்டியது. பம்பாய்க்குத் திரும்பினார்.

சொந்தத் தொழில் என்னும் எண்ணம் இந்த அவமதிப்பிலிருந்தே வலுப்பெற்றிருக்க வேண்டும் என்று கருதுகிறோம். பிழைப்புக்காகத் தனிப்பயிற்சி அளித்தபடியே, பங்கு முதலீடு குறித்து ஆலோசனை வழங்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் தேர்ந்த துறையைக் கவனிக்க வேண்டும். கடைக்குச் சரக்கு வேண்டும். ஆலைக்கு நிலமும் இயந்திரமும் வேண்டும். பரம்பரைச் சொத்தில்லாத ஒருவர் தம் படிப்பையே முதலாகப் போட்டு நடத்தக்கூடிய தொழில் இது. சோறோ தண்ணீரோ கைமாறாத தொழிலும்கூட. தீட்டு என்று விலக அதில் என்ன இருக்கிறது?

வாடிக்கையாளர்கள் வந்தனர். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டனர். நிறுவனம் மூடப்பட்டது.

2025 வரை நடைமுறையில் இருந்த ஸ்டாண்ட் அப் இந்தியா போன்ற திட்டங்கள் முதலீட்டுக்கு வழிசெய்யப் பார்த்தன. வாடிக்கையாளரின் சாதியுணர்வுக்கு எந்த வங்கியில் கடன் கிடைக்கும்? தலித் இளைஞர்கள் தொழிலில் இறங்கத் தயங்கினால் அதை மனத்தடை என்று பெயரிட்டுவிடுவது எளிது. முன்னோர் பட்ட அனுபவத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு தயங்குகிறார்கள் என்றே நாம் சொல்வோம்.

1918 நவம்பரில் அண்ணல் சிடனாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய் ஊதியம். பேராசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று அங்கும் சிலர் மறுத்தனர். அந்த ஊதியத்தில் சேமித்து, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் பெற்று, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923இல் பாரிஸ்டராகத் திரும்பியபோதும் இதே கதைதான்: வழக்குகளை அனுப்ப வேண்டிய சொலிசிட்டர்கள் தயங்கினர். வருவாய் போதாமல், 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேர ஆசிரியராக இருந்தார். அங்கே அவர் நடத்திய பாடம் வணிகச் சட்டம்.