வெள்ளி ரூபாயில் முகம் பதித்த சிற்பி
(பெர்ட்ராம் மெக்கெனல் வாழ்க்கைக் குறிப்பு)

நம் பாட்டனார் காலத்துப் பெட்டகங்களில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டேனும் இன்றும் கிடக்கக் காண்கிறோம். ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய குடும்பங்களும் அதைக் கைவிடாது கொண்டுவந்தன. மன்னரை அறிந்த அளவுக்கு, அம்முகத்தைச் செதுக்கிய கலைஞரை நாம் அறிந்தோமில்லை. அவரே சர் பெர்ட்ராம் மெக்கெனல்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1863-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையாரும் சிற்பியே, ஆகவே உளி பிடிக்கும் கலை வீட்டிலேயே வாய்த்தது. 1882-இல் லண்டன் சென்று சிலகாலம் பயின்றார். பின்னர் பாரிஸ் நகரில் கலை கற்றார். 1893-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த 'சர்சீ' என்னும் சிலை அவருக்குப் பாராட்டுப் பெற்றுத் தந்தது. ஆனால் அடுத்த ஆண்டு லண்டன் ராயல் அகாடமியில் அச்சிலை இடம்பெற்றபோது, பீடத்தைச் சுற்றியிருந்த மனித உருவங்கள் நாகரிகத்துக்கு ஒவ்வா எனக் கருதித் துணியால் மறைக்கப்பட்டன. மறைத்ததே பேச்சாகிப் புகழை வளர்த்தது என்பது வியப்பே!

1908-இல் லண்டனில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளின் பதக்கங்களை அவரே வடிவமைத்தார். 1910-இல் ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறியதும், புதிய நாணயங்களுக்கும் முடிசூட்டுப் பதக்கத்துக்கும் மன்னரின் உருவைச் செதுக்கும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. பிரிட்டிஷ் நாணயங்களில் மன்னரின் கழுத்தடியில் காணும் பி.எம். என்னும் சிற்றெழுத்துகள் அவருடைய கையொப்பமே ஆகும்.

இந்திய ரூபாயில் மன்னர் முடியணிந்து, அரச அங்கி தரித்துக் காட்சியளிக்கிறார். அங்கியின் மேல் கிடக்கும் பதக்கமாலையில் சிறு யானை ஒன்று உண்டு. 1911-ஆம் ஆண்டு ரூபாயில் அந்த யானையின் துதிக்கை குறுகியிருந்தமையால், பார்த்தவர்கள் அதைப் பன்றி என்றே எண்ணினர். இஸ்லாமிய மக்கள் மனம் புண்பட்டனர், மறுப்பு வலுத்தது. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் சுமார் 94 லட்சம் ரூபாய் அடித்திருந்தன; அவற்றுள் ஏறத்தாழ 7 லட்சமே வெளிவந்திருந்தன. எஞ்சியவற்றை அரசு உருக்கிவிட்டது. 1912 முதல் துதிக்கை தெளிவாக நீண்ட புதிய அச்சு வழங்கலாயிற்று. கடுகளவு உருவமாயினும், கோடிக்கணக்கானோர் கையில் புழங்கும் பொருளில் அது சிறிதன்று என்பதை நாம் இதனால் உணர்கிறோம்.

'பன்றி ரூபாய்' என்று பெயர்பெற்ற அந்த 1911-ஆம் ஆண்டுக் காசை நாணயம் சேர்ப்போர் இன்று தேடுகின்றனர். ஆண்டு எண்ணை யாரேனும் திருத்தியிருப்பின் துதிக்கையே காட்டிக்கொடுக்கும். மலர்க்கொடியின் அடியில் சிறு புள்ளி இருப்பின் பம்பாய், இன்றேல் கல்கத்தா. எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி.

இவற்றினும் அரியவை புரூஃப் நாணயங்கள். மெருகேற்றிய அச்சினால், தேர்ந்த வில்லைகளில், காட்சிக்கென்றே அடிக்கப்படுபவை அவை. நிலம் கண்ணாடிபோல் ஒளிரும்; உருவத்தின் விளிம்புகள் கூர்மையாக நிற்கும். 1911-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவை முன்னிட்டு, மெக்கெனலின் உருவம் தாங்கிய பிரிட்டிஷ் வெள்ளி புரூஃப் தொகுதிகள் வெளிவந்தன. அரைக் கிரவுன் முதலாக எட்டுக் காசுகள் கொண்டவை அவை. இந்திய நாணயச்சாலைகளோ பழைய அச்சுகளைக் கொண்டு பிற்காலத்திலும் புரூஃப் காசுகளை மறுபடி அடித்துக் கொடுத்தன. முதற்பதிப்புக்கும் மறுபதிப்புக்கும் விலை வேறு. எனவே தேர்ந்தவரிடம் காட்டாமல் வாங்குதலும் விற்றலும் தகா.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளிப் பாத்திரத்துக்குப் புளியும் விபூதியும் நன்று. நாணயத்துக்கு அவை நஞ்சு. தேய்த்த காசு பளபளக்குமேயன்றிப் புரூஃப் ஆகிவிடாது. மேற்பரப்பும் மதிப்பும் ஒருங்கே கெடும். காலம் பூசிய கருமையை அப்படியே விட்டு, விளிம்பைப் பிடித்துக் கையாளுதலே முறை.

மெக்கெனல் 1921-இல் சர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு ராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார். இரண்டு சிறப்பையும் அடைந்த முதல் ஆஸ்திரேலியக் கலைஞர் அவரே. கல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் குதிரைமீது அமர்ந்திருக்கும் ஏழாம் எட்வர்டின் வெண்கலச் சிலையும் அவர் கைவண்ணமே. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் அவர் மறைந்தார்.

அரசுகள் மாறின, அவர் வடித்த முகம் தாங்கிய காசும் வழக்கொழிந்தது. ஆயினும் உழைப்பினால் ஈட்டி, நம் முன்னோர் முடிந்துவைத்த அவ்வெள்ளியை எடைக்கு உருக்கக் கொடுக்குமுன், ஆண்டையும் யானையையும் ஒருமுறை உற்று நோக்குவோமாக.